ஒரு குமிழியும் நுரை அண்ணனும்

ஓசூரில் காற்றடைத்த எந்தப் பொருளும் நுரை அண்ணனின் பிரஷ்ஷுக்குத் தப்பியதில்லை. என் மகளின் பிறந்தநாள் பலூன் உட்பட.

நாங்கள் வேலை பார்த்த வால்வு பட்டறையில் கசிவு சோதிப்பது அவர் வேலை. ஒரு பிளாஸ்டிக் மக்கில் சோப்புத் தண்ணீர், ஒரு பெயிண்ட் பிரஷ். இணைப்பில் தடவுவார். குமிழி வந்தால் கசிகிறது என்று அர்த்தம். வெளியிலும் மக்கைக் கீழே வைக்க மாட்டார். ஒருமுறை தளிக்குப் போகும் பஸ்ஸின் டயரில் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"யோவ், வண்டிய எடுக்கணும்யா!" டிரைவர் கத்தினார்.

"இருங்க, காத்து என்னா சொல்லுதுன்னு கேட்டுக்கறேன்."

பேட்டரி ஸ்கூட்டர்கள் பெருகியதும் எங்கள் பெட்ரோல் வால்வு வியாபாரம் படுத்துவிட்டது. முதலாளி ஹைட்ரஜன் வால்வுக்குத் துணிந்தார். பெங்களூரு கம்பெனி ஒன்று மாதிரியைச் சோதித்துப் பார்க்க வருவதாகச் சொன்னது. ஆர்டர் கிடைக்காவிட்டால் ஒரு ஷிப்டை மூடுவார்கள். அது எங்கள் ஷிப்டு.

முதலாளி எங்களைக் கூட்டிவைத்துப் பேசினார். "ஹைட்ரஜன் லாரில பொகையே கெடையாது. தண்ணிதான் சொட்டும்."

அண்ணன் கையைத் தூக்கினார். "அது எங்கங்க வெளையுது?"

"தண்ணியில கரண்டு விட்டா பிரிஞ்சு வரும்."

"அந்தக் கரண்டு?"

"சோலார்ல எடுத்தா சுத்தம். நெலக்கரின்னா..." முதலாளி கூரையைப் பார்த்தார்.

"பொகை வீடு மாத்திக்கிச்சு, அவ்ளோதான்," என்றார் அண்ணன்.

"அப்ப இது வேணாங்கிறியா?"

"அப்படிச் சொல்வனாங்க? பெரிய லாரிக்கு பேட்டரி வெச்சா, தூக்கற எடைய அதுவே தின்னுரும். இது சட்டுனு ரொம்பும், தூரமும் போவும். ஆனா கரண்ட வாயுவாக்கி, அத அமுக்கி, மறுபடி கரண்டாக்கறதுக்குள்ள வழியெல்லாம் செதறிப் போவுது. சந்து கெடச்சா ஓடிரும். பத்திக்கிச்சுன்னா பகல்ல தீயே கண்ணுக்குத் தெரியாது. நல்ல மருமவன்தாங்க, வீட்ல தங்கத்தான் மாட்டான்."

சோதனை நாள் வந்தது. ஹைட்ரஜன் தீப்பிடிக்கும் என்பதால் ஹீலியம் ஏற்றினார்கள். அண்ணன் தடவினார். பெங்களூரு எஞ்சினியர் அந்தப் பக்கம் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான்காவது நிமிடம் இந்தப் பக்கம் கடுகளவில் ஒரு குமிழி எழுந்தது.

"அண்ணே, தொடச்சிரு," என்றார் சூப்பர்வைசர் காதோடு. நானும் கண்ணால் அதையேதான் கெஞ்சினேன்.

"சார், கொஞ்சம் இங்க வாங்க," என்றார் அண்ணன்.

"ஏனாய்து?" என்று கன்னடத்தில் கேட்டபடியே எஞ்சினியர் வந்து குனிந்தார். குமிழி வால்வில் இல்லை; வால்வோடு சோதனைக் குழாய் சேரும் இடத்தில். காலையில் அந்தக் குழாயை மாட்டியது அண்ணன்தான். மரையில் கசிவை அடைக்கும் டேப்பை எதிர்த்திசையில் சுற்றியிருந்தார். அதே தப்புக்கு எங்களில் அவரிடம் திட்டு வாங்காதவர் கிடையாது.

"நான் போட்ட ஜாயிண்டுங்க சார். டேப்ப ஏறுமாறா சுத்திட்டேன்," என்றார் எல்லோர் காதிலும் விழும்படி.

எஞ்சினியர் வாயுவை மூடச் சொன்னார். "சரி, திரும்ப மாட்டுங்க." அடுத்த அரைமணி நேரம் அத்தனை பேரும் அந்த நுரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஒன்றும் எழவில்லை.

ஆர்டர் வந்தது. கடிதத்தில் ஒரே ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வால்வையும் அந்த மக்குக்காரர் பார்த்தாக வேண்டும்.

நான் இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஆனாலும் வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால் சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு அவருக்குப் போன் செய்வேன்.

"எத்தன நிமிஷம் பாத்த?"

"ரெண்டுண்ணே."

"இன்னும் ரெண்டு பாரு."

அந்த இரண்டு நிமிடமும் இருவரும் பேசுவதில்லை. போனையும் வைப்பதில்லை.