நாகமலை டிராகனுக்கு ஆதாரம்

ஒரு நாட்டின் எதிர்காலம் இளைஞர்களின் கையில் இருக்கிறது. தொண்ணூற்றாறாம் ஆண்டில் உதியன்குளங்கரை இளைஞர்களின் கைகள் முழுநேரமும் ராஜதாஸின் கடையில் வீடியோ கேம் பொத்தானை அமுக்கிக்கொண்டிருந்தன. ஆகவே எதிர்காலத்தைக் காப்பாற்றும் பொருட்டுக் கடையைப் பூட்டுவதென்று பஞ்சாயத்து ஏகமனதாகத் தீர்மானித்தது.

ராஜதாஸ் தன் பெண்டாட்டி நேசத்தின் வளையல்களை விற்றுத்தான் டிவியும் கேம் பெட்டியும் வாங்கியிருந்தான். பூட்டு விழுந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. அவன் ஓடிப்போய் பஞ்சாயத்து உறுப்பினர் பொன்னுதாஸின் காலைப் பிடித்தான்.

"எலே, அழாத. கலாச்சார நிறுவனங்களைப் பூட்டப்பிடாதுன்னு சட்டத்தில உண்டு. நீ அந்தக் கேமை வச்சு ஒரு நாவல் எழுதிப் போடு. பின்னே அது கடையில்ல, இலக்கிய ஆராய்ச்சி நிலையமாக்கும்" என்றார் பொன்னுதாஸ்.

"எனக்கு எழுத வராதே அண்ணே."

"எழுதுனவனெல்லாம் வந்துட்டா எழுதுனான்?"

ராஜதாஸ் எழுதினான். 'நாகமலைக் கோட்டை' என்ற அந்த கேம் மூன்று பாகங்களாக வந்திருந்தது. குள்ளன் ஒருவன் ஓடுவான், எம்பிச் சாடுவான், குழியைத் தாண்டுவான், பாம்பை வெட்டுவான். மூன்றாம் பாகத்தின் முடிவில் டிராகனைக் கொன்று இளவரசியை மீட்பான். மீட்பான் என்பது ஊகம்தான். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரைக்கும் அந்த டிராகனைத் தாண்டியவர் எவருமில்லை. ராஜதாஸ் குள்ளனுக்கு வீரகேது என்று பெயரிட்டு, செந்தமிழில் பேசவிட்டு, சாகும்போதெல்லாம் "ஐயகோ" சொல்ல வைத்தான். ஆளுக்கு மூன்று உயிர் என்பதால் அத்தியாயத்துக்கு மூன்று ஐயகோ. கடைசி அத்தியாயத்தில் டிராகனைத் தன் சொந்தப் பொறுப்பிலேயே கொன்றான்.

நாவல் கையெழுத்துக்காகப் பஞ்சாயத்துச் செயலாளர் கிருஷ்ணன்குட்டியின் மேசைக்குப் போனது. செயலாளர் நேர்மையான மனிதர். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார். கடைசிப் பக்கத்தைத் தவிர வேறெதையும் படிக்கவும் மாட்டார்.

"ராஜதாஸே, இது கேமை அடிப்படையாக்கின நாவல் தன்னே?"

"ஆமா சாறே."

"அப்போ கேமில உள்ளதுதான் நாவலிலயும் இருக்கணும். டிராகன் செத்துன்னு எழுதியிருக்கே, கண்டவர் ஆரெங்கிலும் உண்டோ?"

"இல்ல சாறே. அது கற்பனையாக்கும்."

"கற்பனையோ?" செயலாளர் பேனாவை மூடினார். "சர்க்கார் காரியத்தில கற்பனை கூடாது, பற்றில்ல. ஆதாரம் வேணும்."

இவ்வாறாக, டிராகனின் மரணத்தை நேரில் கண்டு உறுதிசெய்யும் பொருட்டு, செயலாளர் தலைமையில் கள ஆய்வு தொடங்கியது. ஆய்வு முடியும்வரை கடையில் பொதுமக்கள் விளையாடத் தடை. முதல் நாள் செயலாளரே பொத்தானைப் பிடித்தார். வீரகேது பாம்புக்குழியில் விழுந்தபோது, பாம்பு தன்னையே கொத்தியதுபோல், "அய்யோ, என்றெ கை!" என்று அலறினார். அந்த வாரமே கோப்பு, முத்திரை, மைப்பெட்டி, கிளார்க் ஸ்ரீகுமாரி சகிதம் பஞ்சாயத்து ஆபீஸ் கடைக்குக் குடிவந்தது. மின்விசிறி மட்டும் பழைய இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது.

ஜனங்களும் மனுவோடு கடைக்கு வந்தார்கள். வீட்டு நம்பர் கேட்டு ஒருவர், பிறப்புச் சான்றிதழ் கேட்டு ஒருவர். வீரகேது உயிரோடு இருக்கும்வரை செயலாளர் தலை நிமிரமாட்டார். அவன் செத்து, அடுத்த உயிர் வருவதற்குள் யாருடைய காகிதம் கைக்கு எட்டுகிறதோ அதில் கையெழுத்து விழும். வாசலில் நிற்பவர்கள் உள்ளே எட்டிப்பார்த்து விசாரித்துக்கொண்டார்கள்.

"செத்தானா மக்கா?"

"எங்க? இப்பமும் ஓடுதான்."

"நாசமாப் போவான். எனக்க மவளுக்கு சர்ட்டிபிக்கேட்டுக்கு நாளையோட தவணை முடியுது!" என்று நெஞ்சிலடித்துக்கொண்ட யோசுவா, வீரகேது சீக்கிரம் சாகவேண்டி சர்ச்சில் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

ராஜதாஸின் பாடுதான் பெரும்பாடு. கடை திறந்தே கிடந்தது, வரும்படி இல்லை. கரண்டு பில் மட்டும் அவன் பெயருக்கு வந்தது.

"பூட்டியிருந்தா சாவியாவது நம்ம கையில இருந்திருக்கும். இண்ணைக்கு நாவலுக்கு சாறுக்க ஒப்பு வாங்காம வீட்டுக்கு வந்தீருன்னா சோறு இல்ல" என்று நேசம் அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு தானும் கடைக்கு வந்தாள்.

அன்று காலைதான் செயலாளருக்குக் கள்ளிக்காட்டுக்கு மாறுதல் உத்தரவு வந்திருந்தது. மனிதர் விடாப்பிடியாக ஆடினார். சரித்திரத்தில் முதல்முறையாக டிராகனின் குகைக்குள் நுழைந்தார். அங்கே முதல் உயிர் தீயில் போனது. இரண்டாவது வாலடியில் போனது. வாசலில் நின்ற மனுக்காரர்கள் எல்லோரும் நெருக்கியடித்து உள்ளே வந்தார்கள். செயலாளர் கேமை நிறுத்திவைத்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார்.

"மதி. போதும், எனக்கினி வய்யா. பேப்பர் கொண்டா ராஜதாஸே, டிராகன் செத்துன்னு எழுதி ஒப்பு இட்டுத் தாறேன்."

பேனா திறந்தது. ராஜதாஸின் கையில் காகிதம் இருந்தது. ஒரு கோடு கிழித்தால் கடை அவனுடையது, அடுப்பு எரியும். அவன் கண் டிவியைவிட்டு அகலவில்லை. டிராகன் வாயைத் திறந்தபடி அசையாமல் நின்றது.

"சாறே, ஒரு உயிரு பாக்கி கெடக்கு! ஒப்பு எங்க ஓடிப்போவுது? சாடுங்க!" என்று கத்தினான்.

"எடது பக்கம் சாடுங்க சாறே, எடத்தோட்டு!" என்றாள் நேசம். யோசுவா மகளின் மனுவைச் சுருட்டிப் பெஞ்சில் அடித்துத் தாளம் போட்டார்.

செயலாளர் சாடினார். கரண்டு போனது.

மறுநாள் புதுச் செயலாளர் வந்தார். அவரும் நேர்மையான மனிதர். கோப்பின் கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "முன்னேயுள்ள ஆள் மூணாம் பாகம் மட்டும்தான் பார்த்திருக்கு, அதுவும் முடிஞ்சில்ல. முதல் ரெண்டு பாகத்துக்கு ஆதாரம் எவிடே? ஆதி முதல் தொடங்கணும்" என்றார்.

கடை அதிரக் கைதட்டல் எழுந்தது. ராஜதாஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போனபோது, நேசம் முன்பெஞ்சில் அவனுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாள்.