செவலையின் ஐந்தாவது சுதந்திரம்

மதியச் சாப்பாட்டோடு நடக்கும் ஒருநாள் பயிற்சிக்கு இளைஞர்களை அனுப்பவே கூடாது. என்னை அனுப்பினார்கள். பண்டாரவளையில் நடந்த அந்த மிருக நலன் பயிற்சிக்கு (மதியம் கோழிக்கறி, யாருக்கும் உறுத்தவில்லை) மனிதனாகப் போய் மகானாகத் திரும்பினேன்.

விலங்குகளுக்கு ஐந்து சுதந்திரங்களாம். பசி, தாகம் கூடாது. வசதியான இடம் வேண்டும். நோய், வலிக்கு மருந்து வேண்டும். பயமுறுத்தக் கூடாது. ஐந்தாவது, அதன் இயல்புப்படி நடக்க விட வேண்டும். முன்பெல்லாம் அடிக்காமல் இருந்தாலே போதுமென்று நினைத்தார்களாம், இப்போது அதன் மனசையும் பார்க்க வேண்டுமாம். வீட்டுக்கு வந்ததும் எங்கள் பசு செவலையின் மனசைப் பார்க்க ஆரம்பித்தேன்.

"மொத நாலையும் நாந்தான் குடுத்துக்கிட்டு இருக்கேன், புல்லறுத்தே கை போச்சு," என்றாள் அம்மா. "அஞ்சாவத நாளைக்கு மட்டும் குடுத்துறாத."

மறுநாள் அக்காவைப் பெண் பார்க்கத் தெமோதரையிலிருந்து வருவதாக இருந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், அக்கா சரியாகச் சாப்பிடாமல் கிடந்த நேரம் அது.

விடிந்ததும் நான் செவலையை அவிழ்த்துவிட்டேன். (மகான்கள் அம்மா பேச்சைக் கேட்பதில்லை.)

மாப்பிள்ளையின் அம்மா எங்கள் தேயிலைத் தோட்ட லயத்து வீட்டு வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கொண்டை நிறைய மல்லிகை. பின்னால் வந்த செவலை மோந்து பார்த்துவிட்டுத் தன் இயல்புப்படி ஒரு இழு இழுத்தது. பூவோடு சவுரிமுடியும் வந்துவிட்டது. அந்த அம்மா அலறிக்கொண்டு எழுந்து கையை ஓங்கினார்.

"அதட்டாதீங்கம்மா, மாடு பயந்துரும்," என்றேன் நான்.

அப்பா தரையைப் பார்த்தார். செவலை மென்றுகொண்டிருந்தது. தேத்தண்ணித் தட்டோடு வாசற்படியில் நின்ற அக்கா சிரித்துவிட்டாள். வாயை மூட முயன்றும் நிற்கவில்லை, தட்டு குலுங்கித் தேத்தண்ணி கொட்டியது. மூன்றாவது இடமும் என்னால் போய்விட்டது என்று நினைத்து, மாட்டின் கயிற்றைத் தேடினேன். மாப்பிள்ளை தன் அம்மாவைப் பார்த்தார், மாட்டைப் பார்த்தார், அவரும் சிரிக்க ஆரம்பித்தார்.

அந்த அம்மா மிச்சமிருந்த முடியை முடிந்துகொண்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"மூஞ்சிக்கு நேரா சிரிக்கிறவ முதுகுக்குப் பின்னால சிரிக்க மாட்டா," என்றார். "பேசி முடிச்சிருவோம்."

அக்காவுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எனக்குத்தான் இன்னும் ஒன்றும் அமையவில்லை. போகிற இடத்துக்கெல்லாம் இந்தக் கதை எனக்கு முன்னால் போய்விடுகிறது. அக்காவின் மாமியார் எங்கள் வீட்டுக்குக் கிளம்புமுன் இன்றைக்கும் அம்மாவுக்குப் போன் எடுப்பார்.

"மாட்டக் கட்டிட்டீங்களா?"

"கட்டியாச்சுங்க."

"மகன?"

"அதுக்குத்தாங்க எடம் தேடிக்கிட்டு இருக்கோம்."