ராஜ்ஜியத்துக்குள் வர முடியாத ஐவர்

"வரமாட்டேங்குதுடா," என்றான் கிரெய்க் போனில். "சுத்திக்கிட்டே இருக்கு."

"எது சுத்துது?"

"அதான்... ஆட்டம் திறக்கறப்ப திரையில வருமே, அந்த வட்டம்."

முர்டோ பல்லைக் கடித்தான். இப்படி ஆவது இது மூன்றாவது சனிக்கிழமை. நியூசிலாந்தின் தென்கோடியிலுள்ள இன்வர்கார்கிலில் ஜூலை குளிர்காலம்; மழை ஜன்னலில் அறைந்துகொண்டிருந்தது. மனைவி ஹேசல் வைத்துவிட்டுப் போன சீஸ் ரோல் ஆறிக் கிடந்தது.

பதினோரு வருடமாக முர்டோதான் ஆட்டத் தலைவன். அவன் கதை சொல்வான். கிரெய்க் உட்பட நண்பர்கள் ஐந்து பேரும் வீரர்களாகவும் மந்திரவாதிகளாகவும் மாறிப் பகடை உருட்டுவார்கள். ஆளுக்கொரு ஊராகப் போனபின், சாப்பாட்டு மேசையில் நடந்த ஆட்டம் இணையத்துக்கு மாறியது. எல்லாம் முர்டோவின் கணினிக்குள் இருக்கும். மற்றவர்கள் அவன் வீட்டு ரௌட்டரின் கதவைத் தட்டி உள்ளே வரவேண்டும். இதற்கென்றே இருக்கும் பொதுத் தளங்களில் ஆடலாமே என்று யாராவது சொன்னால், "அதெல்லாம் சோம்பேறிங்களுக்கு" என்பான். அவ்வளவு பெரிய மேதை.

உள்ளே வந்தவர்களின் மைக்கை முதலில் அணைத்துவிடுவான். பிறகு குள்ளர் ராஜவம்சத்தின் வரலாற்றை இரண்டு மணி நேரம் வாசிப்பான். யாரும் குறுக்கே பேசாததை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தான், பாவம்.

"இன்னிக்கும் சரியாகலேன்னா கொஞ்ச நாள் நிறுத்தி வெச்சுடலாம்டா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க," என்றான் கிரெய்க்.

முர்டோ வேலை பார்க்கும் பெயின்ட் கடையில் அவன் சொல்லை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் அவன் ராஜா. அதுவும் போய்விட்டால் வெறும் முர்டோதான் மிச்சம்.

"ஒரு மணி நேரம் குடு. முடிச்சுக் காட்டுறேன்," என்றான்.

முதலில் ரௌட்டரை அணைத்துப் போட்டான். பக்கத்து அறையிலிருந்து ஹேசல் கத்தினாள்.

"முர்டோ! நான் ஆன்லைன்ல பன்னெண்டு பேருக்குப் போர்வை தைக்கச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன்! பாதித் தையல்ல படம் போயிடுச்சு!"

"ரெண்டு நிமிஷம், ஹேசல்!"

"போன வாரமும் இதே ரெண்டு நிமிஷம்தான்!"

கிரெய்க்கைக் கேட்டான். வட்டம் இன்னும் சுற்றுகிறதாம்.

அடுத்து, தன் கணினிக்கு நிலையான ஒரு முகவரியைக் கொடுத்தான். வேறு எந்தக் கருவிக்கும் அது போயிருக்கிறதா என்று பார்ப்பது அவன் தகுதிக்குக் குறைச்சல். அந்த முகவரியில் ஏற்கெனவே கூடத்துச் சுவர் ஹீட்டர் குடியிருந்தது. ஹேசல் போனிலிருந்து கூட்டவும் குறைக்கவும் முடியாமல் அது பதினாறு டிகிரியில் உறைந்து நின்றது. ரிமோட் தொலைந்து இரண்டு வருடமாகிறது.

ஹேசல் கோட்டு, தொப்பி, கையுறையோடு வந்து நின்றாள்.

"வீட்டுக்குள்ள மூச்சு விட்டா புகை வருது. தெரியுமா?"

"தொழில்நுட்பம்னா அப்படித்தான் இருக்கும்."

"போன மாசம் வரைக்கும் ஒழுங்காத்தானே ஓடுச்சு? அதுக்கப்புறம் எதையாவது மாத்தினியா?"

"எதையும் தொடலையே!"

"அப்புறம் எதுக்கு இப்ப எல்லாத்தையும் நோண்டுற?"

பதில் சொல்லும் அளவுக்கு அந்தக் கேள்வியை அவன் மதிக்கவில்லை. கோபத்தில் ரௌட்டரின் காவலையே மொத்தமாகக் கழற்றிவிட்டான். எல்லாக் கதவும் திறந்து கிடந்தன. ஐந்தே நிமிடத்தில் நடைவழியிலிருந்த பிரிண்டர் தானாக உயிர்பெற்று, புரியாத மொழியில் வழுக்கைத் தலைத் தைல விளம்பரத்தைக் கக்கத் தொடங்கியது. நாற்பது தாள் வரை ஹேசல் எண்ணினாள்.

"ஊர் பேர் தெரியாதவனெல்லாம் உள்ள வந்துட்டான். உன் கூட்டாளிங்க மட்டும் வர முடியலையா?" என்றாள்.

"அவங்க ஊர்ல லைன் சரியில்ல."

"அஞ்சு ஊர்லயுமா?"

அவள் பிரிண்டரின் வயரைப் பிடுங்கிவிட்டு, கணினி பழுதுபார்க்கும் அனஹேராவுக்குப் போன் செய்தாள். அரை மணியில் மழைக்கோட்டோடு வந்தாள் அனஹேரா. அதிகம் பேசாதவள். முர்டோ நேர்ந்ததையெல்லாம் விளக்க ஆரம்பித்தான். குள்ளர் வம்சத்தின் மூன்றாம் மன்னன் வரைக்கும் போனான். அவள் அதற்குள் ஹீட்டரை அதன் முகவரியில் உட்கார வைத்து, காவலைத் திரும்பப் போட்டு, எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிட்டாள். பிறகு வீட்டு இணையத்தை விட்டு விலகி, தன் போனின் சொந்த இணைப்பிலிருந்து ஆட்டத்தின் முகவரியைத் தட்டினாள்.

"உள்ள வந்துட்டேன் சார். ஏதோ கோட்டை தெரியுது."

"அதுதான் என் தலைநகரம்!" முர்டோவின் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டான். "கிரெய்க்! ஆயிடுச்சுடா! எல்லாரையும் உடனே வரச் சொல்லு!"

மறுமுனையில் பெருமூச்சு.

"இப்பவும் பாத்துட்டேன்டா... வரமாட்டேங்குது. அதே வட்டம்தான். எல்லாருக்கும் அப்படித்தானாம். விட்டுடு முர்டோ, உன் மேல தப்பில்ல." போன் அணைந்தது.

"பாத்தீங்களா?" முர்டோ அனஹேராவின் மேல் பாய்ந்தான். "உங்களாலயும் முடியல! இது சாதாரணக் கோளாறு இல்ல!"

அனஹேரா ரௌட்டரின் பதிவைத் திறந்து மேலிருந்து கீழ்வரை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஹேசலைப் பார்த்தாள், பிறகு முர்டோவிடம் மெதுவாகச் சொன்னாள்:

"மூணு வாரமா யார் யார் கதவைத் தட்டினாங்கன்னு இதுல இருக்கு சார். பிரேசில்லேர்ந்து தட்டியிருக்காங்க, போலந்துலேர்ந்து தட்டியிருக்காங்க, இன்னிக்கு நான் தட்டியிருக்கேன். உங்க கூட்டாளிங்க அஞ்சு பேருல ஒருத்தர்கூட ஒரு தடவையும் தட்டவே இல்ல."