பொட்டு வைத்த கம்ப்யூட்டரும் என் கம்பைலரும்

அரைகுறையாகப் படித்தவனிடம் ஒழுங்காக ஓடும் மெஷினைக் காட்டவே கூடாது. நான் சி என்ற நிரல் மொழியை அரைகுறையாகப் படித்துக்கொண்டிருந்த தொண்ணூறுகளில், என் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா காட்டுப்பாக்கத்தில் வீட்டு முன்னறையில் டைப்பிங் சென்டர் தொடங்கினார். விஜயதசமி காலையில் முதல் வேலை, ஒரு கல்யாணப் பத்திரிகை.

முந்தைய நாள் ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குச் சந்தனம், குங்குமம், மாலை. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது. (தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.) சுண்டல் மயக்கத்தில் எல்லோரும் தூங்கிய மதியம், ஒரு மாத இதழோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து, சி நிரல்களை ஓடவைக்கும் கம்பைலரை அதில் ஏற்றினேன்.

அடிக்கும் கட்டளைக்கான மென்பொருளை எந்தெந்த டைரக்டரியில் தேட வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்லும் 'பாத்' வரியில் கம்பைலரின் இடத்தையும் சேர்க்கச் சொல்லியிருந்தது சிடியில் இருந்த குறிப்பு. சேர்ப்பதாவது! பழைய வரியை அழித்துவிட்டு என்னுடையதை மட்டும் எழுதினேன். கட்டளையை அடித்ததும் என் முதல் நிரல் திரையில் வணக்கம் சொன்னது. எனக்கு நானே கைகொடுத்துக்கொண்டேன்.

காலையில் பெண்வீட்டார் தாம்பூலத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். மாமா தன் டைப்பிங் மென்பொருளைத் திறக்கும் கட்டளையை அடித்தார். அப்படி ஒரு கட்டளையே கிடையாது என்றது மெஷின். மறுபடியும் அடித்தார். மறுபடியும் அதே பதில்.

"இன்னாடா இது, முந்தாநேத்து வரிக்கும் நல்லாத்தானே ஓடிகினு இருந்துச்சு?" என்றார் மாமா.

பெண்ணின் அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "மொத வேலையே நின்னுபோச்சே. சகுனம் செரியில்லீங்க. என் பொண்ணு கல்யாணம் இது."

அவர் கண் கலங்கிவிட்டது. பழி சரஸ்வதி மேல் போகட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். முடியவில்லை.

"சாமி குத்தம் இல்லம்மா. நான்தான் நேத்து மத்தியானம் தொட்டுட்டேன்."

"பொட்டு வெச்ச மெஷினையாடா தொட்ட?" என்று அக்கா கரண்டியோடு வந்தாள்.

மாமா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "நீ அழிச்ச வரி ஞாபகத்துல கீதாடா மச்சான்?"

இல்லை. (என் பெயரே அப்போது ஞாபகமில்லை.) நல்லவேளை, மெஷின் விற்றவர் அந்த வரியை எழுதிக் கொடுத்த தாளை மாமா சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தார். அதைப் பார்த்து அடித்தேன். ராகு காலத்துக்குப் பத்து நிமிடம் முன்பு பிள்ளையார் சுழி திரையில் விழுந்தது. தட்டு மாமாவின் கைக்கு வந்தது.

அந்தப் பெண்ணுக்கு இப்போது கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள். எனக்கும் கம்ப்யூட்டரோடுதான் பிழைப்பு. ஆனால் ஆயுத பூஜையன்று அக்கா என் லேப்டாப்புக்குப் பொட்டு வைப்பதில்லை. என் பத்து விரலுக்கும் வைக்கிறாள். "நாளைக்கிக் காலைல வரிக்கும் எதையும் தொடாத" என்கிறாள்.

சுண்டலை மாமாதான் ஊட்டிவிடுகிறார்.