ஒருவன் மட்டும் எழுதப் போன பரீட்சை

மருத்துவ நுழைவுத் தேர்வு மையத்துக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தவன் நான். கடைசி ஆளும் நான்தான். இதை இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு அழுதேன். அதையும் சொல்லித் தொலைக்கிறேன்.

உளுந்தூர்பேட்டையில் டிரங்க் ரோட்டை ஒட்டி அப்பா லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். முன்பக்கம் ஆபீஸ், பின்பக்கம் வீடு, நாள் முழுக்க ஹாரன். நான் தொட்டிலில் தூங்கியதே ஏர் ஹாரன் சத்தத்தில்தான் என்று அம்மா சொல்வாள். பிளஸ் டூ முடிந்ததும் நுழைவுத் தேர்வுக்கு எப்போது, எப்படிப் படிப்பது என்ற கேள்வி வந்தது. அப்பா நேராக நிபுணர்களிடம் போனார். நிபுணர்கள் என்றால் லாரி டிரைவர்கள்தான்.

விடியற்காலை நாலு மணிக்குப் படித்தால்தான் ஏறும் என்றார் ஒருவர். (அவர் அந்த நேரத்தில் ஸ்டியரிங்கில் தூங்குகிறவர்.) தினமும் வெண்டைக்காய் போடுங்கள் என்றார் இன்னொருவர். திருச்சி லோடு டிரைவர் ஒருவர் மட்டும் என் வாழ்க்கையில் மண்ணைப் போட்டார். அவருடைய மச்சான் வழியில் ஒரு பையன் மலை மேல் தனியாக உட்கார்ந்து படித்து டாக்டர் ஆகிவிட்டானாம்.

"இந்த ஹாரன்ல உனுக்கு ஒரு எலும்பு பேருகூட மண்டைல ஏறாதுடா. மலைக்குப் போ" என்றார் அப்பா.

கல்வராயன் மலையில் வேலை பார்த்த வாத்தியார் ஒருவர் அப்பாவுக்குப் பழக்கம். கோடை லீவில் அவர் வீடு சும்மா கிடந்தது. சாவி வாங்கி, என்னையும் புத்தக மூட்டையையும் வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் இறக்கினார். மூன்று கட்டளை போட்டார். ரேடியோ, பேப்பர் கூடாது. பரீட்சை நெருங்க நெருங்க ஆளாளுக்கு எதையாவது சொல்லிக் குழப்புவான், ஒருத்தன் பேச்சையும் நம்பாதே. எது நடந்தாலும் இந்த ரூமுக்கே திரும்பி வா.

"ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இரு. அப்புறம் டாக்டருதான்" என்று சொல்லி அடுத்த பஸ்ஸில் மலையை விட்டு இறங்கிப் போய்விட்டார்.

அப்பப்பா, அந்த அமைதி! படிப்பதற்கு நல்ல இடம்தான், வேறு யாராவது படித்திருந்தால். பக்கத்து வீட்டு ராமாயி அக்கா காலையில் சாமைச் சோறு வைத்துவிட்டுப் புருஷனோடு காட்டுக்குப் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்புவார். இடையில் ஒரு குரல் கிடையாது. கரப்பான்பூச்சியின் ஜீரண மண்டலத்தைப் படிப்பேன். பக்கத்தைத் திருப்பும் சத்தம் எனக்கே கேட்டுத் திடுக்கிடுவேன். இரவில் தூக்கம் வராது. அம்மா இந்நேரம் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டே கூரையைப் பார்த்துப் படுத்திருப்பேன்.

எனக்கு இருந்த ஒரே துணை சாயங்கால பஸ். அது வளைவில் திரும்பும்போது ஒரு ஹாரன் அடிக்கும். புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடுவேன். ஏறவும் மாட்டேன், இறங்குபவர் யாரையும் எனக்குத் தெரியவும் தெரியாது. "இன்னா தம்பி, படிக்கிறியா?" என்று கண்டக்டர் கேட்பார். "படிக்கிறேங்க" என்பேன். அந்த ஒரு வார்த்தைக்காக முகம் கழுவித் தலை சீவிக்கொண்டு போன நாள்கூட உண்டு.

திடீரென்று பஸ் வருவது நின்றது. மலைக்கு பஸ் வராமல் இருப்பது பெரிய அதிசயம் இல்லை, ஏதாவது ரிப்பேராக இருக்கும் என்றார் ராமாயி அக்கா. கீழே இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்து, மரங்களை வெட்டி ரோட்டில் போட்டிருந்தது எங்களுக்கு எங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம் ஹாரன் வரவில்லை என்பதுதான். சாயங்காலம் வழக்கமான நேரம் ஆனதும் வாசலில் நின்று நானே "பாம்ம்ம்" என்று கத்தினேன். நன்றாக இருந்தது. மறுநாளும் கத்தினேன். (எதிர்கால டாக்டர் இப்படித்தான் தயாரானார்.)

பரீட்சைக்கு இரண்டே நாள் இருந்தது, அன்றும் பஸ் இல்லை. ராமாயி அக்காவின் புருஷன் காட்டுப் பாதையைக் காட்டி, "இப்டியே எறங்குனா கச்சிராயபாளையம்" என்றார். விடிந்ததும் ஹால் டிக்கெட்டைச் சட்டைப் பையில் வைத்து, புத்தக மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு இறங்கினேன். ஊரைத் தாண்டிக் கள்ளக்குறிச்சி ரோட்டில் நடந்தால், குறுக்கே பெரிய புளியமரம் படுத்துக் கிடந்தது. அதன் மேலும் சுற்றியும் ஆட்கள்.

"இன்னா தம்பி, மூட்டைய தூக்கிக்கினு எங்க போற?" என்றார் தலையில் துண்டு கட்டியிருந்த ஒருவர்.

"கள்ளக்குறிச்சிக்குங்கண்ணா. நாளைக்கு டாக்டர் பரீட்ச."

"நாங்க இங்க குந்திக்கினு இருக்கறதே உன்ன மாதிரி பசங்களுக்கு சீட்டு கெடைக்கணும்னுதான்டா. நீ இன்னாடான்னா எங்க மரத்தையே தாண்டிக்கினு போற. வா, சாப்புட்டுப் போ."

ரோட்டோரம் அண்டாவில் சோறு வெந்துகொண்டிருந்தது. உட்கார்ந்தேன். ஒரு மாதமாகப் பேசாத வாய்! திறந்தது மூடவே இல்லை. கரப்பான்பூச்சிக்கு ரத்தம் சிவப்பாக இருக்காது, அதன் இதயத்துக்குப் பதிமூன்று அறை என்று போராட்டக்காரர்களுக்கு வகுப்பே எடுத்தேன்.

"பதிமூணா? என் வூட்லயே மொத்தம் ஒரு ரூமுதான்டா" என்றார் துண்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு அவர்களை விட்டுப் போகவே மனசு வரவில்லை. அங்கேயே படுத்துக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் அவர் அந்த வார்த்தையைச் சொன்னார்.

"ஆமா, அந்தப் பரீட்சயத்தான் தள்ளி வெச்சிட்டாங்களே. முந்தாநாளே ரேடியோல சொன்னானே, கேக்கலியா?"

எனக்குச் சுருக்கென்றது. ஒருத்தன் பேச்சையும் நம்பாதே என்ற அப்பாவின் இரண்டாவது கட்டளை! ஆகா, இவருக்கும் பரீட்சை எழுதுகிற பிள்ளை ஒன்று இருக்கும்போல. வயிறாரச் சோறு போட்ட மனிதரைப் பார்த்து நான் நினைத்தது இதுதான். விடியும் முன் சொல்லாமல் கொள்ளாமல் நழுவினேன். வழியில் டீக்கடைக்காரர் அதையே சொன்னார். அடுத்த மரத்துக்காரர்களும் அதையே சொன்னார்கள். நான் மசியவில்லை. என்னைத் தடுக்க இவ்வளவு பெரிய ஏற்பாடா என்று உள்ளுக்குள் பெருமையாகக்கூட இருந்தது.

மையம் கள்ளக்குறிச்சியில் ஒரு பள்ளிக்கூடம். கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் ஒருவர்தான் இருந்தார்.

"பரீட்ச இல்லப்பா. வூட்டுக்குப் போ."

"நீங்க மொதல்ல கேட்டைத் தெறங்க."

என்னோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய்த் திறந்துவிட்டார். ஒரு வகுப்பறையில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். (பின்னால் உட்கார்ந்தால் மற்றவர்கள் என்னைப் பார்த்து எழுதிவிடுவார்களே.) பேனா, ஹால் டிக்கெட் எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். பத்து மணி ஆனதும் வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார்.

"பெல்லு அடிச்சாத்தான் நம்புவியா? இரு, உனக்கோசரம் அடிக்கிறேன்."

அடித்தார். கணீரென்று கேட்டது. அது ஓய்ந்ததும், ஐயோ, அதே அமைதி. மலையில் விட்டுவிட்டு வந்தேன் என்று நினைத்த அதே அமைதி, காலி பெஞ்சுகளோடு உட்கார்ந்திருந்தது. அப்போதுதான் நம்பினேன். டாக்டர் சீட்டு, பரீட்சை எதுவும் மனசில் இல்லை. இங்கேயும் யாருமே இல்லையே என்றுதான் விக்கி விக்கி அழுதேன்.

"அழுவாதடா. கூழு கொண்டாந்துகிறேன், ஆளுக்குப் பாதி குடிக்கலாம்" என்றார் அந்தப் புண்ணியவான்.

மூன்றாவது கட்டளைப்படி நான் மலைக்குத் திரும்பியிருக்க வேண்டும். என் கால்கள் உளுந்தூர்பேட்டைப் பக்கம் திரும்பின. அப்பாவின் சொல்லை நான் மீறியது அதுதான் முதல் தடவை. பாதி தூரம் நடை, மீதி தூரம் யார் யாருடைய சைக்கிள் கேரியரிலோ உட்கார்ந்து மறுநாள் வீடு சேர்ந்தேன். அம்மா என்னைப் பார்த்ததும் என் முதுகுக்குப் பின்னால் தேடினாள்.

"அப்பா எங்கடா?"

"அப்பாவா? இங்கதான இருக்கணும்?"

"பரீட்ச தள்ளிப் போச்சுன்னு உனுக்குச் சொல்லத்தான்டா மலைக்கு நடந்தே போயிருக்காரு!"

நான் காட்டுப் பாதையில் இறங்கிய அதே நாள் அவர் பஸ் ரோட்டில் ஏறியிருக்கிறார். மேலே போனபோது கால் வீங்கிவிட்டது. பையன் எப்படியும் ரூமுக்குத் திரும்புவான், தான் போட்ட கட்டளை ஆயிற்றே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பஸ் மறுபடி ஓடும்வரை என் பாயில், என் ரூமில், தனியாக.

முதல் பஸ்ஸில் தாடியோடு வந்து இறங்கினார். அடி விழும் என்று அம்மாவின் பின்னால் நின்றேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். ரோட்டில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. கண்ணை மூடிக் கேட்டார்.

"சாயங்காலம் ஆனா நீ பஸ்ஸு மாதிரி கத்துவியாமே. அந்த ராமாயிப் பொண்ணு சொல்லிச்சு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஒரு மாசம் எப்படிடா இருந்த அங்க? எனக்கு ரெண்டாம் நாளே பைத்தியம் புடிச்சிக்கிச்சுடா." அவர் குரல் உடைந்தது. "நானும் கத்துனேன்டா."

அம்மாதான் முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தள்ளிவைத்த பரீட்சையை ஹாரன் சத்தத்திலேயே படித்து எழுதினேன். சீட் கிடைக்கவில்லை. இன்று அந்த புக்கிங் ஆபீஸை நான்தான் நடத்துகிறேன். என் மகள் நுழைவுத் தேர்வுக்குப் படித்தபோது அப்பா அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு, ரேடியோவையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"தாத்தா, கொஞ்ச நேரம் வெளிய போறீங்களா?"

"போவ மாட்டேன். உங்கப்பன ஒரு தடவ தனியா வுட்டுட்டு நான் பட்டது போதும்."

இப்போது பைபாஸ் வந்துவிட்டதால் எங்கள் ரோட்டில் அவ்வளவாக ஹாரன் இல்லை. கரண்ட் போனால் வீடு சட்டென்று அமைதியாகிவிடும். மகள் உடனே விரலை வாயில் வைத்து எல்லாரையும் காத்திருக்கச் சொல்வாள். இருட்டில் அப்பாவின் அறையிலிருந்து, "பாம்ம்ம்" என்று ஒரு குரல் வரும்.

வீடே விழுந்து விழுந்து சிரிக்கும். நான் எங்கே இருந்தாலும் பதிலுக்கு ஒரு ஹாரன் அடித்துவிடுவேன். அடிக்காவிட்டால் அவர் எழுந்து என்னைத் தேடி வந்துவிடுவார்.