ரயில்வே கேட்டில் சொன்ன கிரகணம்

பேசாதவன் பேசினால் ஊர் தாங்காது. இது பழமொழி இல்லை. எனக்கு நடந்தது.

நான் டிரைவர். ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பஸ் ஓட்டுகிறேன். காலையில் கிராமங்களில் ஏறும் பெண்களைக் கம்பெனியில் இறக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விட வேண்டும். இதற்குப் பேச்சு தேவையில்லை. ஹாரன் போதும். ஐந்தாவது வரை படித்தேன். அதற்கு மேல் வாத்தியார் எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டார். நின்றுவிட்டேன். (பதில் தெரியும். வாயைத் திறந்து சொல்லணுமே!)

என் மனைவி வசந்தியும் அதே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவாள். முன்னால் இடது பக்க சீட். கண்ணாடியில் அவள் முகம் தெரியும். கல்யாணமான புதிதில் எனக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டிருந்தாள். பிறகு முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இரண்டாவதும் தங்கவில்லை. அவளும் பேச்சை விட்டுவிட்டாள். வீட்டில் மிக்சி மட்டும் சத்தம் போட்டது.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. முயற்சி செய்தேன். "சரி வுடு" என்பதற்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் அடுத்தவர்கள் எழுதியதை எடுத்துக்கொண்டேன். பேப்பர்.

எங்கள் ரூட்டில் ஒரு ரயில்வே கேட் உண்டு. நாங்கள் போகும்போது மூடித்தான் இருக்கும். (நாங்க வர்றது தெரிஞ்சே மூடுவாங்க போல.) பஸ்ஸில் ரேடியோ செத்துப் பல காலம். பழைய டிரைவர் விட்டுப்போன பென் டிரைவ் மட்டும் பாடும். அதில் இருப்பதெல்லாம் பழைய பாட்டு. ஒருநாள் கேட்டில் நின்றபோது, திரும்பாமல் சொன்னேன்.

"ஒரு ஊர்ல ரெண்டு கழுதைக்குக் கல்யாணம் பண்ணாங்களாம். மழைக்காக."

பஸ் அமைதியாகிவிட்டது. டிரைவருக்கு வாய் இருப்பது அன்றுதான் பலருக்குத் தெரிந்தது.

"அப்புறம் இன்னாண்ணா ஆச்சு?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

"மழை வரல."

மொத்த பஸ்ஸும் சிரித்தது. கண்ணாடியில் பார்த்தேன். வசந்தியின் வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். மறுநாளும் பேப்பர் பார்த்தேன்.

அது ஒரு நிகழ்ச்சியாகவே ஆகிவிட்டது. கேட் மூடியதும் ஒரு விநோதம், ஒரு அரசியல், ஒரு விஞ்ஞானம். கடைசியில் ஒரு பழைய பாட்டு. 'கேட் செய்தி' என்று பெயர் வைத்தது ஸ்டெல்லா. அவள் செக்கிங்கில் வேலை செய்பவள். பிறக்கும்போதே மேலுதடு பிளந்திருந்து, ஆபரேஷன் செய்து தைத்த தழும்பு இருக்கும். அந்த வாயை வைத்துக்கொண்டு கம்பெனியில் யாரையும் விட்டுவைக்க மாட்டாள்.

"அரசியல். ஒருத்தர் கட்சி மாறிட்டாரு" என்பேன்.

"யாருண்ணா?"

"ஒருத்தர்."

"எந்தக் கட்சிலேர்ந்துண்ணா?"

"இருந்த கட்சிலேர்ந்து."

"இதுக்கு நீ பேசாமலே இருந்திருக்கலாம்ணா" என்பாள் ஸ்டெல்லா.

"விஞ்ஞானம். செவ்வாய் கிரகத்துல முன்னாடி ஆறு ஓடிச்சாம். இப்ப காஞ்சி போச்சாம்."

"அட, நம்ம பாலாறு!"

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வசந்திக்கு மூன்றாவது தங்கியது. ஏழாவது மாதமும் வந்தது. மெஷினில் உட்கார வேண்டாம் என்று கம்பெனியில் அவளுக்கு வேலை மாற்றிக் கொடுத்தார்கள். தைத்து வரும் ஷூவின் மேல்தோலில் தொங்கும் நூலை வெட்டும் வேலை. லேசான வேலை. கத்தரி வேலை.

அன்று டீக்கடையில் பேப்பர் வழக்கம்போல் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கு ஒன்றாகப் போய்விட்டது. என் கைக்கு வந்த தாளில் கிரகணம் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். கடைசி வரி வரை படித்தேன். இது முக்கியம்.

கேட் மூடியது. கழுதைக் கல்யாணம் மாதிரி ஏதோ ஒரு விநோதம் சொன்னேன். கட்சி மாறியவர் திரும்பி வந்துவிட்டதைச் சொன்னேன். ரயில் வந்தது. அந்தச் சத்தத்தில் கொஞ்சம் கத்தியே சொன்னேன்.

"விஞ்ஞானம். இன்னிக்கு சூரிய கிரகணம். காலைல ஒம்போதுக்குப் புடிக்குது. மூணு மணிக்கு வுடுது."

ரயில் போய்விட்டது. கேட் தூக்கினார்கள். இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. 'இந்தியாவில் தெரியாது.' வாயைத் திறந்தேன். பின்னால் லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். மூடிக்கொண்டேன். ஒரு வரிதானே, போகட்டும் என்று கியர் போட்டேன். பாட்டையும் போட்டேன்.

அன்று வந்தது நிலாவைப் பற்றிய பாட்டு. தினமும் கூடவே பாடுகிறவர்கள் யாரும் பாடவில்லை. கவனித்திருக்க வேண்டும். கண்ணாடியில் வசந்தி முந்தானையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டாள். அதையும் பார்த்தேன். குளிர் என்று ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். (வேலூர் ஜில்லாவில், வெயில் காலத்தில், குளிராம்!)

அவர்களை இறக்கிவிட்டேன். கம்பெனியின் குட்டியானை லோடு வண்டியை எடுத்துக்கொண்டு பசை டின் ஏற்ற ராணிப்பேட்டைக்குப் போய்விட்டேன். லோடு கிடைக்க நேரமானது. மர நிழலில் தூங்கினேன். நல்ல தூக்கம்.

திரும்பி வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. கம்பெனி வாசலருகே வரும்போதே என்னமோ சரியில்லை. மெஷின் சத்தம் இல்லை. இருநூறு மெஷின் ஓடுகிற இடத்தில் காக்கா கத்துவது கேட்டது. யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

வாட்ச்மேன் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "உள்ள போ. உன்னத்தான் தேடினு இருக்காங்க."

வெளிநாட்டு ஆட்கள் வரும்போது காட்டுவதற்காக வாசலில் ஒரு புல்தரை வளர்த்திருந்தார்கள். தோட்டக்காரனுக்கே அதில் கால் வைக்க அனுமதி இல்லை. அது பாதி மொட்டையாக இருந்தது. உள்ளே போனதும் புல் எங்கே போனது என்று தெரிந்தது. எல்லா டிபன் பாக்ஸ் மேலும் இருந்தது. கிரகணத்தில் சாப்பாட்டின் மேல் அருகம்புல் போட வேண்டும். அருகம்புல்லுக்கு எங்கே போவது? கிடைத்த புல்.

நடுவில் கத்தரி, கத்தி, ஊசி எல்லாம் குவித்து, மேலே ஒரு தோலைப் போட்டு மூடியிருந்தார்கள், பிணத்தை மூடுகிற மாதிரி. பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலெல்லாம் அட்டை. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் லைனிங் துணி சுற்றி வரும் அட்டைக் குழாயை நிறுத்தியிருந்தார்கள்.

மேனேஜர் நசீர் பாய் அந்தக் குழாய்க்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நல்ல மனுஷன். அன்று முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. சாயங்காலம் கன்டெய்னரில் சரக்கு ஏற வேண்டும்.

"இன்னா சேகரு, இன்னா பேஜார் பண்ணி வச்சிருக்கே! கிரகணத்துல உலக்கை தானா நிக்குமாம். இங்க உலக்கை இல்ல. இத நிக்க வச்சாங்க. நிக்குது. பாத்தீங்களா பாய், கிரகணம் இருக்குதுன்றாங்க. யம்மா, அது எல்லா நாளும் நிக்கும்மா! அட்டைக் குழாம்மா அது! யாரு கேக்கறாங்க?"

"வெளியே போயி சூரியனப் பாத்தா..." என்றேன்.

"கிரகணத்துல எவ வெளியே போவா?"

நியாயம்தான்.

"நானும் போன்ல பாத்தேன். இன்னிக்கு கிரகணம்னுதான் போட்டிருக்கு" என்றார். (அவரும் கடைசி வரி வரை போகவில்லை. படித்தவர்.) பிறகு குரலைத் தாழ்த்தினார். "திட்டவும் முடில சேகரு. உன் வீட்டுக்காரம்மாவுக்கு ரெண்டு போயிடுச்சாம். மூணாவதுக்கு எங்க கத்தரியால ஒண்ணும் ஆகக் கூடாதுன்றாங்க. இதுக்கு நான் இன்னா பேச?"

சுற்றிலும் தேடினேன். "வசந்தி எங்க பாய்?"

வெளிச்சம் படக் கூடாது என்று அவளைத் தோல் ஸ்டோரில் வைத்திருந்தார்கள். இருட்டு. தோல் நாற்றம். ஃபேன் இல்லை. அடுக்கின் மேல் சாய்ந்திருந்தாள். காலையிலிருந்து சோறு இல்லை. தண்ணீர் இல்லை. உதடு வெள்ளையாக இருந்தது. பக்கத்தில் ஸ்டெல்லா அட்டையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாண்ணா. சொல்லு உன் பொண்டாட்டிக்கு. நானும் காலைலேர்ந்து சொல்லினு இருக்கேன். கிரகணத்துல கத்தரி புடிச்சா புள்ளைக்கு ஒதடு கிழியுமாம். எனக்குந்தான் ஒதடு கிழிஞ்சி பொறந்துச்சி. எங்கம்மா கல்லு சுமந்துனு இருந்துச்சி. கத்தரியும் இல்ல, கிரகணமும் இல்ல. ஆபரேஷன் பண்ணாங்க. இப்ப எவளாவது என் வாயில நிக்க முடியுதா?"

வசந்தி கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள்.

"லைன்ல இருக்கற கடியாரம் ஸ்லோவாம்யா" என்றாள். "எனக்குத் தெரில. ஒம்போது ஆனப்புறமும் நூல் வெட்டிட்டேன்."

அழவில்லை. கண்ணீருக்கும் தண்ணீர் வேண்டுமே. கை மட்டும் வயிற்றின் மேல் இருந்தது.

"தெரியாது" என்றேன்.

"எனக்கும் தெரிலன்னுதான்யா சொல்றேன்."

"இல்ல. இந்தியாவுல தெரியாது. கிரகணம் இங்க இல்ல. எங்கியோ கடல் பக்கம். பேப்பர்ல கடைசில போட்டிருந்துச்சி."

விசிறி நின்றது.

"படிச்சியா?" என்றாள் வசந்தி.

"படிச்சேன்."

"ஏன் சொல்லல?"

"கேட் தொறந்துட்டாங்க."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்திருக்கப் பார்த்து, அப்படியே சரிந்தாள்.

நானும் ஸ்டெல்லாவும் தூக்கினோம். நசீர் பாய் ஓடிப்போய் பஸ் கதவைத் திறந்தார். தண்ணீர் தெளித்து, கொஞ்சம் வாயில் ஊற்றினாள் ஸ்டெல்லா. நான் ஓட்டினேன். அந்த ரோட்டில் அவ்வளவு வேகமாக நான் போனதில்லை. பாதி வழியில் அந்தப் பாழாய்ப்போன ரயில்வே கேட். மூடியிருந்தது.

அங்கே நின்ற நேரம்தான் என் வாழ்க்கையிலேயே பெரியது. பிள்ளை போன இரண்டு தடவையும் இதே கேட்டில் நின்றுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண்ணாடியைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் மட்டுமே பார்த்தேன்.

பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"யோவ்."

வசந்தி.

"உனக்கு இன்னாய்யா கேடு? ஒரு வரி. ஒரே ஒரு வரி. அதுக்கு இன்னா காசா குடுக்கணும்? கழுதை கல்யாணத்துக்கு மழை வரலன்னு சொல்லத் தெரியுது. இதச் சொல்லத் தெரியலியா? ரெண்டு வாட்டி புள்ள போச்சே, ஒரு வார்த்த பேசினியாய்யா நீ? சரி வுடுன்னியே! எத வுடறது? இன்னாத்த வுடறது?"

பேசினாள். திட்டினாள். கேட் திறந்ததும் பேசினாள். ஆஸ்பத்திரி வாசல் வரை நிறுத்தவில்லை. இரண்டு வருடம் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் வந்தது. நான் ஓட்டிக்கொண்டே இருந்தேன். கண் மறைத்தது. வைப்பர் போட்டேன். (மழை இல்ல.)

குளுக்கோஸ் ஏற்றினார்கள். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார். குழந்தையின் நெஞ்சு அடிப்பதை எங்களுக்கும் கேட்க வைத்தார். குதிரை ஓடுகிற மாதிரி இருந்தது.

"காலைலேர்ந்து ஏம்மா ஒண்ணும் சாப்பிடல?"

"கிரகணம் டாக்டர்."

"எங்கம்மா கிரகணம்?"

வசந்தி என்னைக் காட்டினாள். "இவரு வாயில."

கன்டெய்னர் அன்று போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்து முடித்துக் கொடுத்தார்கள். புல்தரை முளைக்கத்தான் நாளானது. 'ஓட்டுநரிடம் பேசக் கூடாது' என்று பஸ்ஸில் முன்பே எழுதியிருந்தது. அதற்குக் கீழே யாரோ சாக்பீஸால் எழுதிவிட்டார்கள்: 'ஓட்டுநரும் பேசக் கூடாது.' கையெழுத்து ஸ்டெல்லாவுடையது மாதிரி இருந்தது. நசீர் பாய் அதை அழிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேட் செய்தி அதோடு நின்றது. பாட்டு மட்டும் உண்டு.

பொண்ணு பிறந்தது. நர்ஸ் வெளியே வந்து சொன்னார். நான் ஒரே ஒரு வார்த்தை கேட்டேன்.

"உதடு?"

"கத்தறது கேக்கலியா உனக்கு?" என்றார்.

கேட்டது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது இரண்டாவது படிக்கிறாள். வாய் மூடுவதில்லை. வசந்தியும் அன்று கேட்டில் ஆரம்பித்ததை நிறுத்தவில்லை. வீட்டில் மிக்சி ஓடினாலும் கேட்பதில்லை.

நான் எது சொன்னாலும் இரண்டு பேரும் விடுவதில்லை. "நாளைக்கு லீவு" என்றால், "இந்தியாவுல தெரியுமா?" என்பாள் வசந்தி. "குழம்பு நல்லா இருக்கு" என்றால், "கடைசி வரியச் சொல்லுப்பா" என்பாள் பொண்ணு. சொந்தக்காரர்கள் வரை பரவிவிட்டது. போன மாதம் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா, யாரென்றே எனக்குத் தெரியாது, கையைப் பிடித்துக்கொண்டு, "கிரகணம் நீங்கதானா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

இன்னும் ஒரு வரி பாக்கி இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அவருக்கும் கதை தெரியும்.