வால்வா, ட்ரான்சிஸ்டரா, மாமனாரா?

எனக்குச் சங்கீதம் தெரியாது. கச்சேரியில் பக்கத்து சீட்டுக்காரர் எப்போது தலையாட்டுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுத்தான் நான் ஆட்டுவேன். ஆனால் ஆம்ப்ளிஃபயர் தெரியும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி நம்பிக்கை யூடியூபில் இலவசமாகவே கிடைக்கிறது.

ஊட்டியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் எனக்கு வேலை. கல்யாணத்துக்கு என் மாமனார் கொடுத்த சீரில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. ட்ரான்சிஸ்டர் வகை. கோயமுத்தூரில் ஆள் பிடித்துச் செய்யச் சொல்லி, தேக்குப் பெட்டி போட்டு, தன் ஊரான சேரம்பாடியிலிருந்து ஊட்டி வரைக்கும் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். எஸ்டேட் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். பேச்சில் அப்படி ஒரு சிக்கனம். என் கல்யாணப் பேச்சிலிருந்து அன்றுவரை என்னைப் பற்றி அவர் நல்லதாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. கெட்டதாகவும் சொன்னதில்லை, அதுதான் இன்னும் மோசம். மாப்பிள்ளைக்கு விஷயம் தெரியும் என்று அவர் வாயால் ஒரே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது என் ஆசை. ஆசை என்ன ஆசை, வெறி.

அதற்கு நான் கண்டுபிடித்த வழி, அவர் கொடுத்த பொருள் மட்டமானது என்று அவர் முன்னாலேயே நிரூபிப்பது. (சிரிக்காதீர்கள். அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது.)

ஆம்ப்ளிஃபயர் உலகத்தில் மூன்று கட்சிகள் உண்டு. முதலாவது டிஜிட்டல் கட்சி. உள்ளங்கையளவு டப்பா, மாமனார் அதைப் பார்த்தால் போன் சார்ஜரா என்று கேட்பார், தள்ளிவிட்டேன். இரண்டாவது மாமனார் கட்சி, அதாவது ட்ரான்சிஸ்டர். மூன்றாவது வால்வு. வரிசையாகக் கண்ணாடிக் குழல்கள், பல்பு போல ஆரஞ்சு நிறத்தில் எரியும், அடுப்பு மாதிரி சுடும். யூடியூப்காரர்கள் அதைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுக்கிறது. கோயமுத்தூரில் கடை வைத்திருக்கும் நண்பன் ஒன்றைக் கொடுத்து, "கேட்டுப் பாரு, புடிக்கலைன்னா திருப்பிக் குடுத்துரு" என்றான்.

ஆடி மாதம். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆபீஸ் விட்டு வந்ததும் டீயோடு முன்னறையில் கதவைச் சாத்திக்கொள்வேன். வால்வு சூடேற நேரமாகும் என்பதால் முதலிலேயே அதன் சுவிட்சைப் போட்டுவிட்டு, அது பழுக்கும்வரை மாமனாருடையதில் பாட்டுக் கேட்பேன். பிறகு அதே பாட்டை வால்வில். ஒவ்வொரு நாளும் ஒரே முடிவு. மாமனாருடையதில் பாடகர் பக்கத்து வீட்டிலிருந்து பாடுவார். வால்வில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து பாடுவார்.

என் மனைவி சுமதியைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன்.

"ரெண்டும் ஒண்ணாத்தானுங்க இருக்குது" என்றாள்.

"உனக்கு இன்னும் காது பழகல."

அவள் என் தலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரை விருந்துக்கு அழைத்தேன். சாப்பாடு முடிந்து, முன்னறையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து, மூன்று கட்சிகளையும் விளக்கினேன். அவர் "ம்" என்றார். வால்வைப் போட்டுவிட்டு, முதலில் அவருடைய பெட்டியில் பாட்டை ஓடவிட்டேன். பாதியில் நிறுத்திக் கையை விரித்தேன்.

"பாருங்க மாமா, கம்பளிய மூடிக்கிட்டுப் பாடற மாதிரி இல்ல?"

அவர் என்னையே பார்த்தார். "ம்" கூட வரவில்லை.

அதற்குள் அறை நன்றாகச் சூடாகிவிட்டது. வால்வுக்கு மாற்றி, கண்ணை மூடிக்கொண்டு, "இப்பக் கேளுங்க! அப்படியே தெளிஞ்சிருச்சு பாத்தீங்களா?" என்றேன்.

கண்ணைத் திறந்தபோது மாமனார் எழுந்து தன் பெட்டியின் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"சுமதி, கோணிப்பை ஏதாச்சும் இருக்குதாம்மா? மாப்ளைக்குப் புடிக்கலீன்னா நான் கொண்டுபோயிடறேன்."

குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அட மடையா, மனுஷன் மடியில் வைத்துக் கொண்டுவந்த பெட்டியடா என்று அப்போதுதான் உறைத்தது.

சுமதி கோணிப்பை எடுக்கப் போகவில்லை. "ஏனுங்க, உங்க மங்கி குல்லா எங்க?" என்றாள்.

"இதோ, மடியில."

"எப்பக் கழட்டுனீங்க?"

"இப்பத்தான். ரூம் சூடாச்சு, கழட்டினேன்."

"அப்பா பொட்டியில கேக்கறப்ப?"

"தலையில."

"காதுக்கு மேலயா, காத மூடியா?"

என் கை தானாகக் காதைத் தொட்டுப் பார்த்தது. ஊட்டியில் மங்கி குல்லாய் ஒரு உடுப்பே அல்ல, தலையின் ஒரு பாகம். நான் அதோடு குளிக்கப் போய்த் திரும்பி வந்தவன். காது இரண்டையும் கம்பளியால் மூடிக்கொண்டு ட்ரான்சிஸ்டரையும், திறந்துவிட்டு வால்வையும் கேட்டு, நாள்தவறாமல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

"தெனமும் பாக்கறியே, சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"எனக்குக் காது பழகலைன்னீங்களே. சரி, பழகுனவங்க காதாச்சேன்னு உட்டுட்டேன்."

மாமனாரிடமிருந்து ஒயரை வாங்கித் திரும்ப மாட்டினாள். பாட்டு ஓடியது. பாடகர் பக்கத்து வீட்டிலிருந்து எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மாமனார் சுவரைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினேன். சிரிக்கிறார் என்று சுமதிதான் சொன்னாள். நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கூடும் இடத்தில், பிரியாணிக்கு உப்புப் போதுமா என்று நான் வாய் திறந்தால்கூட, யாராவது ஒருவர் வந்து என் காதைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு பேசவிடுகிறார். சின்ன மச்சினிச்சியைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் இது நடந்தது.

வால்வைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினேன். சுமதி விடவில்லை. ஆடியில் துணி காய வேறு வழியில்லை என்றாள். அதனால் பாட்டுக்கு மாமனார் பெட்டி, சாக்ஸுக்கு வால்வு என்று முடிவாயிற்று.

மாமனார் இப்போதெல்லாம் குளிர் தொடங்கினாலே வந்துவிடுகிறார். நாற்காலியை வால்வுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டிக்கொண்டு உட்காருவார். வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டி, "மாப்ள தேடிப் புடிச்சு வாங்குனதுங்க. விஷயம் தெரிஞ்சவரு. வூடே கதகதன்னு இருக்குது பாருங்க" என்கிறார்.

நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்கிறேன்.